ரிப்போர்ட் யார் கைக்கு?

2014-ஆம் ஆண்டு வரை அமெரிக்காவின் பல மாநிலங்களில் ஒருவர் தன்னுடைய இரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டை லேபில் நேராகப் போய்க் கேட்டு வாங்க முடியாது. கையை நீட்டி இரத்தம் கொடுத்தவர் அவர். கட்டணம் கட்டியதும் அவரோ அவருடைய காப்பீடோதான். ஆனாலும் முடிவைப் பெறும் அதிகாரம் பரிசோதனையை எழுதிக் கொடுத்த மருத்துவருக்கு மட்டுமே இருந்தது. கேட்டவருக்குச் சொல்லிவிட்டால் லேப் விதியை மீறியதாகும். பில்லைக் காட்டினால் சாயங்காலமே கவர் கைக்கு வந்துவிடும் என்ற பழக்கத்தில் இருக்கும் நமக்கு இது விசித்திரமாகப் படும். இதைவிட விசித்திரம், இந்த விதி எங்கிருந்து பிறந்தது என்பது. 1987-இல் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் நாளிதழ், கருப்பைவாய்ப் புற்றுநோயைக் கண்டறியும் பாப் ஸ்மியர் சோதனைகளை லேப்கள் எவ்வளவு அலட்சியமாகப் பார்க்கின்றன என்று அம்பலப்படுத்தியது. அந்தக் கொந்தளிப்பில் 1988-இல் லேப்களைக் கட்டுப்படுத்தும் கூட்டாட்சிச் சட்டம் வந்தது. பெண்களுக்குத் தவறான முடிவு போய்ச் சேர்ந்ததால் எழுந்த சட்டம் அது. அதன் கீழ் எழுதப்பட்ட விதிகளோ, முடிவை ‘அதிகாரம் பெற்ற நபருக்கு’ மட்டும் கொடுக்கலாம் என்றன. அந்த நபர் யார் என்பதை மாநிலச் சட்டங்களிடம் விட்டன. பெரும்பாலான இடங்களில் அந்தப் பட்டியலில் நோயாளி இல்லை.

இந்தத் தடைக்கு ஆதரவாக எப்போதும் ஒரே காரணம்தான் சொல்லப்பட்டது: நோயாளி தாங்க மாட்டார், புரிந்துகொள்ள மாட்டார், அதனால் அவரைக் காக்க வேண்டும். ஏறக்குறைய இரண்டு நூற்றாண்டு வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால் இந்தக் காரணத்துக்கு அடியில் வழக்கம் இருக்கிறது, மரியாதை இருக்கிறது, சில சமயம் உண்மையான இரக்கமும் இருக்கிறது. சான்று மட்டும் இல்லை. மறைப்பதால் வந்த கேட்டுக்கோ சான்று நிறைய இருக்கிறது. அதை எண்ணிப் பார்க்கத்தான் வெகுகாலம் யாரும் முன்வரவில்லை.

மறைக்கும் வழக்கம் லேப்பை விடப் பழையது. ஹிப்பாக்ரடீஸ் பெயரால் வழங்கும் கிரேக்க நூல்களில் ஒன்று, நோயாளியைக் கவனிக்கும்போதே பெரும்பாலானவற்றை அவரிடமிருந்து மறைத்துவிடச் சொல்கிறது. 1803-இல் மான்செஸ்டர் மருத்துவர் தாமஸ் பெர்சிவல் எழுதிய மருத்துவ ஒழுக்க நூல் அதே போக்கில் நடந்தது. அதை அடியொற்றி 1847-இல் புதிதாகப் பிறந்த அமெரிக்க மருத்துவச் சங்கம் தன் ஒழுக்க விதிகளை வகுத்தது. அபாயம் உண்டென்றால் உறவினர்களிடமும் நண்பர்களிடமும் சொல்லுங்கள், மிகவும் அவசியப்பட்டால் மட்டும் நோயாளியிடம் சொல்லுங்கள் என்பது அதன் சாரம். இதைக் கொடுமை என்று இன்று எளிதாகச் சொல்லிவிடலாம், ஆனால் அது நியாயமில்லை. அந்தக் காலத்து மருத்துவரிடம் இருந்தது கண்ணும் காதும் விரல்நுனியும்தான். அவர் மறைத்தது தன்னுடைய ஊகத்தை. தவறாகவும் போகக்கூடிய ஊகத்தைச் சொல்லி ஒருவரை ஏன் கலங்கடிக்க வேண்டும் என்று அவர் தயங்கியதில் ஓர் அடக்கமும் இருந்தது.

நிலைமை மாறியது லேப் சோதனைகள் வந்த பிறகு. 1882-இல் காசநோய்க் கிருமியை ராபர்ட் கோக் காட்டினார். 1896-இல் டைபாய்டுக்கு வைடால் சோதனை, 1906-இல் சிபிலிஸுக்கு வாஸர்மன் சோதனை. முதன்முறையாக நோயைப் பற்றிய அறிவு மருத்துவரின் தலைக்குள்ளிருந்து பிரிந்து ஒரு காகிதத்தில் வந்து உட்கார்ந்தது. ஊகத்தைக் கைமாற்ற முடியாது, காகிதத்தைக் கைமாற்றலாம். மறைப்புக்கு இருந்த பழைய நியாயம் அப்போதே பாதி செத்துவிட்டது என்பேன். பாஸ்டனில் இரத்தச் சோதனையைப் பற்றிப் பாடநூல் எழுதிய ரிச்சர்ட் கேபட், 1903-இல் மருத்துவத்தில் உண்மையும் பொய்யும் என்ற பொருளில் ஒரு கட்டுரை எழுதினார். நோயாளியிடம் உண்மையைச் சொல்லிப் பார்த்ததில் அஞ்சியபடி எதுவும் நடக்கவில்லை என்பது அவருடைய அனுபவ முடிவு. லேப் முடிவுகளோடு அதிகம் புழங்கிய ஒருவரே இப்படிப் பேசியது தற்செயல் அல்ல என்று தோன்றுகிறது. ஆனால் தொழில் அவர் வழியில் போகவில்லை.

காகிதம் போனது கோப்புக்குள். 1907-இல் மேயோ மருத்துவமனையில் ஹென்றி பிளம்மர், ஒரு நோயாளிக்கு ஒரே கோப்பு என்ற முறையைக் கொண்டுவந்தார். அதுவரை ஒவ்வொரு மருத்துவரின் பேரேட்டிலும் சிதறிக் கிடந்த குறிப்புகள் ஓரிடத்தில் சேர்ந்தன. சிகிச்சைக்கு அது பெரிய வரம். கூடவே, கோப்பு மருத்துவமனையின் சொத்து என்ற எண்ணமும் கெட்டிப்பட்டது. அமெரிக்க அறுவை மருத்துவர் கல்லூரி மருத்துவமனைகளுக்கான குறைந்தபட்சத் தரத்தை வகுத்தபோது, ஒழுங்கான கோப்பும் லேப் வசதியும் அதில் இடம்பெற்றன. நோயாளி அந்தக் கோப்பைப் பார்ப்பது பற்றிப் பேச்சில்லை. இங்கே ஒரு கிளைக்கதை சொல்லத் தகும். அந்தக் கல்லூரி 1918-இல் நூறு படுக்கைக்கு மேற்பட்ட 692 மருத்துவமனைகளைச் சோதித்தது. 89 மட்டுமே தேறின. பெயர் பெற்ற மருத்துவமனைகள் பல தோற்றவற்றின் பட்டியலில் இருந்தன. 1919-இல் நியூயார்க் வால்டார்ஃப்-அஸ்டோரியா ஹோட்டலில் கூடியவர்கள், பத்திரிகைகள் கையில் சிக்கிவிடக் கூடாது என்று அந்தப் பட்டியலை ஹோட்டலின் உலையிலேயே எரித்துவிட்டார்கள் என்று வரலாறு சொல்கிறது. தன்னைப் பற்றிய பரிசோதனை முடிவு வெளியே தெரிவதை அந்தத் தொழிலும் தாங்கவில்லை. எண்ணிக்கையை மட்டும் வெளியிட்டார்கள், பெயர்களை வெளியிடவில்லை.

முடிவை மறைப்பது எந்த எல்லை வரை போகும் என்பதற்கு டஸ்கிகியை விடக் கொடிய எடுத்துக்காட்டு இல்லை. 1932-இல் அலபாமா மாநிலத்தில் அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை தொடங்கிய ஆய்வு அது. சிபிலிஸ் இருந்த 399 கறுப்பின ஆண்களும் ஒப்பீட்டுக்காக நோயில்லாத 201 பேரும் அதில் இருந்தார்கள். இரத்தம் எடுத்தார்கள், முதுகெலும்பில் ஊசி போட்டுத் தண்டுவட நீர் எடுத்தார்கள். சோதனைக்கான அந்த ஊசியைச் சிறப்பு இலவசச் சிகிச்சை என்று சொல்லி ஆட்களை வரவழைத்தார்கள். முடிவு என்ன என்று கேட்டால் ‘கெட்ட இரத்தம்’ என்ற ஊர்ப்பேச்சே பதிலாகக் கிடைத்தது. 1940-களில் பென்சிலின் கைக்கு வந்த பிறகும் நோயின் பெயரைச் சொல்லவில்லை, மருந்தையும் கொடுக்கவில்லை. 1972 ஜூலையில் அசோசியேட்டட் பிரஸ் செய்தி வெளியான பிறகுதான் அது நின்றது. இது இனவெறியின் கதை. வழக்கமான மருத்துவமனையை இதோடு ஒப்பிடக் கூடாது என்று ஒருவர் சொல்லலாம். இனவெறியின் கதைதான், ஐயமில்லை. ஆனால் அது நாற்பது ஆண்டு நடந்ததற்கு அந்த வெறி மட்டும் போதாது. பரிசோதனை முடிவு பரிசோதிக்கப்பட்டவரிடம் போகத் தேவையில்லை என்பது எல்லா மருத்துவமனைகளிலும் இயல்பாக இருந்தது. அந்த இயல்புக்குள்தான் டஸ்கிகி ஒளிந்துகொண்டது.

வழக்கமான மருத்துவமனையில் என்ன நடந்தது என்பதை 1961-இல் டொனால்ட் ஓக்கன் என்ற மனநல மருத்துவர் அளந்து காட்டினார். சிகாகோவின் மைக்கேல் ரீஸ் மருத்துவமனையில் 219 மருத்துவர்களிடம், புற்றுநோய் என்று தெரிந்தால் நோயாளியிடம் சொல்வீர்களா என்று கேட்டார். ஏறக்குறைய 90 சதவீதம் பேர் சொல்லாமலிருப்பதையே விரும்புவதாகச் சொன்னார்கள். இந்த எண்ணைப் பலரும் மேற்கோள் காட்டுவார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது அவர் தோண்டி எடுத்த அடுத்த விஷயம். ஏன் சொல்வதில்லை என்று கேட்டபோது பலர் அனுபவம் என்றார்கள். சொல்லிப் பார்த்து வந்த அனுபவமா என்று துருவினால், வேறு வழியை முயன்று பார்த்தவர்கள் மிகக் குறைவு. மருத்துவரின் மனச்சாய்வுதான் அனுபவம் என்ற பெயரில் நடமாடுகிறது என்ற முடிவுக்கு ஓக்கன் வந்தார். இத்தனைக்கும் நோயாளிகள் என்ன விரும்புகிறார்கள் என்பது தெரியாத காலமல்ல அது. 1950-இலேயே கெல்லி, ஃப்ரீசன் என்ற இருவர் 100 புற்றுநோயாளிகளைக் கேட்டிருந்தார்கள். 89 பேர் தெரிந்துகொள்ளவே விரும்பினார்கள். சான்று கையிலிருந்தும் வழக்கம் அசையவில்லை. 1979-இல் ரோச்செஸ்டரில் அதே போன்ற கேள்வியை மறுபடி கேட்டபோது 97 சதவீத மருத்துவர்கள் சொல்வதையே விரும்புவதாகச் சொன்னார்கள். பதினெட்டு ஆண்டுகளில் இப்படித் தலைகீழாக மாற மனித மனத்தின் தாங்கும் சக்தியா கூடிவிட்டது? சிகிச்சைகள் மேம்பட்டிருந்தன; வழக்குகள் பெருகியிருந்தன; மருத்துவருக்குக் கட்டுப்பட்ட சமூகம் கேள்வி கேட்கத் தொடங்கியிருந்தது. நோயாளி தாங்க மாட்டார் என்பது நோயாளியைப் பற்றிய உண்மையாக இருந்திருந்தால் இவ்வளவு விரைவில் ஆவியாகியிருக்காது.

வாயால் சொல்வது ஒன்று, காகிதத்தைக் கொடுப்பது வேறொன்று. 1970-களின் சண்டை இரண்டாவதைப் பற்றியது. 1973-இல் அமெரிக்க மருத்துவமனைச் சங்கம் நோயாளிகளின் உரிமைச் சாசனம் ஒன்றை வெளியிட்டது. நோயைப் பற்றிய முழுத் தகவலையும் பெற நோயாளிக்கு உரிமை உண்டு என்று அது அறிவித்தது. அதே மூச்சில், நோயாளியிடம் சொல்வது மருத்துவ ரீதியாக உகந்ததல்ல என்றால் அவர் சார்பில் தக்க ஒருவரிடம் சொல்லலாம் என்று விலக்கும் வைத்தது. 1847-இன் உறவினர்கள் பின்கட்டு வழியாக மறுபடி உள்ளே வந்துவிட்டார்கள். அதே ஆண்டு நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் ஷென்கின், வார்னர் ஆகிய இருவர், எதையும் வெட்டாத முழுக் கோப்பின் நகலை நோயாளிக்குத் தானாகவே தர வேண்டும் என்று சட்டம் வேண்டும் என எழுதினார்கள். தொழிலுக்கு அது அதிர்ச்சியாக இருந்தது. நீதிமன்றமும் உடனே துணைக்கு வரவில்லை. மனநல மருத்துவமனைகளில் இருந்த தன் அனுபவத்தை நூலாக எழுதிய ஜேனட் காட்கின் தன் கோப்பைக் கேட்டு வழக்குப் போட்டார். 1975-இல் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம், அரசியலமைப்பில் அப்படி ஓர் உரிமை இல்லை என்று தள்ளிவிட்டது. மாறாக, 1974-இன் தனியுரிமைச் சட்டம் கூட்டாட்சி அரசு மருத்துவமனைகளின் கோப்புகளை நோயாளிகளுக்கு ஓரளவு திறந்துவிட்டது. அந்தச் சட்டம் அமைத்த ஆணையம் 1977-இல் அறிக்கை தந்தபோது ஒரு செய்தியைப் பதிவு செய்தது: கோப்பைப் பார்த்ததால் நோயாளியின் உடல்நிலை கெட்டது என்று ஒரு நிகழ்ச்சியைக்கூடச் சாட்சிகள் எவராலும் காட்ட முடியவில்லை.

இதே காலத்தில் மருத்துவமனைக்கு வெளியே, கோப்புக்கும் நீதிமன்றத்துக்கும் சம்பந்தமில்லாத ஒரு பெட்டி இந்த வாதத்தை நடைமுறையில் சோதித்துக்கொண்டிருந்தது. நியூ ஜெர்ஸியில் ஆர்கனான் மருந்து நிறுவனத்தில் வடிவமைப்பாளராக வேலை பார்த்த மார்கரெட் கிரேன் 1967-இல் அங்கிருந்த லேப்பில் வரிசையாகத் தொங்கிய சோதனைக் குழாய்களைப் பார்த்தார். மருத்துவர்கள் அனுப்பும் கர்ப்பப் பரிசோதனைகள் அவை. சோதனை எளிது; கண்ணாடியில் தெரியும் வளையத்தைப் பார்த்தால் போதும். இதை வீட்டிலேயே செய்யலாமே என்று அவருக்குத் தோன்றியது. ஒரு சின்னப் பிளாஸ்டிக் பெட்டியில் மாதிரி செய்து காட்டினார். நிறுவனத்துக்கு முதலில் அது பிடிக்கவில்லை. வாடிக்கையாளர்களான மருத்துவர்களின் பிழைப்பில் கை வைப்பதாக இருந்தது. பிறகு காப்புரிமை வாங்கியபோது அதில் அவர் பெயர் வந்தது. உரிமையை எழுதிக் கொடுத்ததற்கு விலையாக ஒரு டாலர் பேசப்பட்டது. 1971-இல் கனடாவிலும் 1977-இல் அமெரிக்காவிலும் அந்த வகைப் பெட்டி விற்பனைக்கு வந்தபோது எழுந்த எதிர்ப்பு நமக்கு இப்போது மனப்பாடம்: பெண்கள் தவறாகப் பார்ப்பார்கள், பதறுவார்கள், தனியாக இருக்கும்போது தெரிந்தால் என்ன ஆகும். இன்று அந்தச் சோதனை உலகெங்கும் மருந்துக் கடை அலமாரியில் கிடக்கிறது. பதற்றப்பட்டவர்கள் இருந்திருப்பார்கள். ஒரு வாரம் முன்னதாகத் தெரிந்ததால் சத்து மாத்திரையைத் தொடங்கியவர்களும் இருந்தார்கள், சாராயத்தை விட்டவர்களும் இருந்தார்கள். முதல் வகையை மட்டும் எண்ணியவர்கள் இரண்டாம் வகையை எண்ணவே இல்லை.

இந்தக் கணக்குப் பிழைதான் முழு வரலாற்றின் முடிச்சு. முடிவு நோயாளிக்குப் போகாவிட்டாலும் மருத்துவர் பார்த்துக்கொள்வார் என்ற நம்பிக்கையின் மேல் பழைய ஏற்பாடு நின்றது. எதுவும் சொல்லவில்லை என்றால் நல்லபடியாகத்தான் இருக்கும் என்று நோயாளியும் வீட்டில் நிம்மதியாக இருந்தார். அந்த மௌனம் நல்ல செய்தியாகவும் இருக்கலாம், ரிப்போர்ட் எங்கோ அடுக்கில் சிக்கிக் கிடப்பதாகவும் இருக்கலாம். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். 2009-இல் கசலினோ என்ற ஆய்வாளரும் சகாக்களும் 23 மருத்துவ நிலையங்களில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளின் கோப்புகளை எடுத்துப் பார்த்தார்கள். கவலைக்குரிய முடிவுகளில் ஏறக்குறைய 7 சதவீதம், அதாவது பதினான்கில் ஒன்று, நோயாளிக்குத் தெரிவிக்கப்படவில்லை, அல்லது தெரிவித்ததற்குத் தடயம் இல்லை. கெட்ட எண்ணம் உள்ள மருத்துவர்கள் அல்ல இவர்கள். ஒரு நாளைக்கு வரும் காகிதம் அவ்வளவு. ரிப்போர்ட்டைப் படிக்க உலகத்திலேயே அதிக அக்கறை உள்ள ஒருவர் இருக்கிறார். அவரை வெளியே நிறுத்திவிட்டு, நேரமே இல்லாத ஒருவரை மட்டும் காவலுக்கு வைத்த ஏற்பாடு அது.

மார்பக எக்ஸ்ரே இதை முதலில் உணர்ந்த துறை. மேமோகிராம் தரத்துக்கென்று 1992-இல் வந்த கூட்டாட்சிச் சட்டம் 1998-இல் புதுப்பிக்கப்பட்டபோது, பரிசோதனை செய்துகொண்ட ஒவ்வொரு பெண்ணுக்கும் எளிய நடையில் எழுதிய கடிதம் 30 நாட்களுக்குள் நேராகப் போக வேண்டும் என்று ஆக்கினார்கள். சந்தேகத்துக்கிடமான முடிவு என்றால் இன்னும் விரைவாக. மருத்துவரின் மேசையைத் தாண்டி நேரே வீட்டுக்குப் போன முதல் பெரிய முடிவு இதுவாகத்தான் இருக்கும். கடிதம் கண்டு பெண்கள் சரிந்து விழவில்லை. ஆனால் அந்தக் கடிதத்திலும் ஒரு குறை இருந்தது. மருத்துவருக்குப் போனது முழு ரிப்போர்ட், பெண்ணுக்குப் போனது சுருக்கம். கனெக்டிகட்டைச் சேர்ந்த நான்சி கப்பெல்லோவுக்கு 2003-இல் மேமோகிராம் இயல்பு என்று வந்தது. சில வாரங்களில் முற்றிய புற்றுநோய் கண்டுபிடிக்கப்பட்டது. அவருடைய மார்பகத் திசு அடர்த்தியானது, எக்ஸ்ரேயில் கட்டி மறைந்துபோகும். இதை ரேடியாலஜிஸ்டுகள் அவருடைய மருத்துவர்களுக்கு ஆண்டுதோறும் எழுதித்தான் வந்திருந்தார்கள். அவரிடம் மட்டும் யாரும் சொல்லவில்லை. அவர் போராடி 2009-இல் கனெக்டிகட்டில் சட்டம் கொண்டுவந்தார். மற்ற மாநிலங்கள் ஒவ்வொன்றாகத் தொடர்ந்தன. திசு அடர்த்தியை ஒவ்வொரு பெண்ணுக்கும் சொல்ல வேண்டும் என்ற விதி நாடு முழுவதற்கும் நடைமுறைக்கு வந்தது 2024 செப்டம்பரில். கப்பெல்லோ 2018-லேயே இறந்துவிட்டார்.

பிறகு வந்த சட்டங்களை வேகமாகக் கடந்துவிடலாம். 1996-இன் ஹிப்பா சட்டத்தின் கீழ் எழுந்த தனியுரிமை விதி 2003-இல் நடைமுறைக்கு வந்தது. நோயாளி கேட்டால் 30 நாட்களுக்குள் கோப்பைக் கொடுக்க வேண்டும், தேவைப்பட்டால் இன்னொரு 30 நாள் எடுத்துக்கொள்ளலாம் என்றது. பயாப்சி முடிவுக்குக் காத்திருப்பவருக்கு இரண்டு மாதம் என்பது உரிமையா, கேலியா என்று கேட்கத் தோன்றும். 2014 பிப்ரவரியில் லேப்களின் பூட்டு உடைந்தது. 2016 டிசம்பரில் கையெழுத்தான 21-ஆம் நூற்றாண்டுக் குணப்படுத்தல் சட்டம், மின்னணுத் தகவலைக் காரணமின்றித் தடுப்பதையே சட்டமீறலாகப் பார்த்தது. அதன் விதிகள் 2021 ஏப்ரல் 5 முதல் அமலாயின. சாதாரண முடிவுக்கு மூன்று நாள், திசுச் சோதனைக்கு இரண்டு வாரம் என்று மருத்துவமனைகள் தங்கள் இணையப் போர்ட்டல்களில் பொத்தாம்பொதுவாக வைத்திருந்த தாமதங்கள் அன்றோடு செல்லாமல் போயின. உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து என்று தனிப்பட்ட ஒரு நோயாளியைப் பற்றி மருத்துவர் தீர்மானித்தால் நிறுத்திவைக்கலாம். மனம் வருந்துவார் என்பது போதாது. லேப்பில் முடிவு உறுதியான கணத்தில் நோயாளியின் கைபேசி மணியடிக்கத் தொடங்கியது இப்படித்தான்.

எதிர்வாதங்களில் மிக வலுவானது, அந்த மணி எப்போது அடிக்கும் என்பது. வெள்ளிக்கிழமை இரவு, மருத்துவர் வீட்டுக்குப் போன பிறகு, தனியாக இருக்கும் ஒரு பெண்ணின் திரையில் புற்றுநோய் என்று வருகிறது. திங்கட்கிழமை வரை அவர் யாரிடம் கேட்பார்? இது கற்பனை அல்ல, நடக்கிறது; இதை லேசாக எடுத்துக்கொள்ளும் எவரும் இந்த உரிமைக்கு நல்லது செய்யவில்லை. ஆனால் அந்தப் பெண்ணின் பெயரால் பேசுவதற்கு முன் அவரையே கேட்டுப் பார்க்கலாம் அல்லவா? 2023-இல் ஸ்டைட்ஸ் என்ற ஆய்வாளரும் சகாக்களும் போர்ட்டல் வழியாக முடிவைப் பார்த்த எண்ணாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் கேட்டார்கள். மருத்துவர் பார்க்கும் முன்பே வந்தாலும் உடனடியாக வேண்டும் என்றவர்கள் 96 சதவீதம். முடிவு இயல்புக்கு மாறாக இருந்தவர்களிலும் 95 சதவீதம் பேர் அதையே சொன்னார்கள். கவலை கூடியது என்று சொன்னவர்கள் இயல்பு முடிவு வந்தவர்களில் 5 சதவீதம், மாறான முடிவு வந்தவர்களில் 16 சதவீதத்துக்குச் சற்று மேல். ஆக, கவலை உண்மை. கவலைப்பட்டும் முன்னதாகத் தெரிவதையே விரும்புகிறார்கள் என்பதும் உண்மை. ஏனென்றால் தெரியாமல் காத்திருப்பதும் ஒரு கவலைதான், அதை எந்த விதியும் கணக்கில் சேர்த்ததில்லை. அல்சைமர் நோய்க்கான மரபணுச் சாய்வை, அந்நோய் வந்தவர்களின் 162 பிள்ளைகளில் ஒரு பகுதியினருக்குச் சொல்லி, மற்றவர்களுக்குச் சொல்லாமல் ஒப்பிட்ட 2009 ஆய்வும், நோயைத் தடுக்க மருந்தே இல்லாத அந்தச் செய்தியைக்கூட மனிதர்கள் பெருமளவு தாங்கிக்கொண்டார்கள் என்றே காட்டியது. பார்க்க விரும்பாதவருக்கும் இதில் இடமுண்டு. உரிமை என்பது திறந்து பார்க்கலாம் என்பதே தவிர, பார்த்தே தீர வேண்டும் என்பதல்ல.

புரியாது என்ற வாதம் பாதி சரி. சிவப்பு எழுத்தில் ஒரு எண் வந்தால் அது உயிருக்கு ஆபத்தா, ஒன்றுமில்லாததா என்று படித்தவருக்கும் தெரியாது. 2018-இல் போர்ட்டலில் முடிவு பார்த்தவர்களைப் பேட்டி கண்ட ஓர் ஆய்வில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினருக்கு எந்த விளக்கமும் கூடவே வரவில்லை. ஏறக்குறைய பாதிப் பேர் இணையத்தில் தேடப் போனார்கள். ஆனால் இது ரிப்போர்ட்டை எழுதுபவரின் குறை. மேமோகிராம் கடிதத்தை எளிய நடையில் எழுத 1998-லேயே முடிந்தது என்றால் இரத்தச் சோதனைக்கு ஏன் முடியாது? வேலைச்சுமை என்ற வாதம் இதைவிட நேர்மையானது. உடனடியாக முடிவை வெளியிடத் தொடங்கிய பிறகு ஒரு பெரிய மருத்துவமனையில், மருத்துவருக்கு முன்பே நோயாளி பார்த்துவிட்ட முடிவுகள் பத்தில் ஒன்றிலிருந்து பத்தில் நான்காக உயர்ந்தன. முடிவு பார்த்த சில மணி நேரத்துக்குள் வரும் கேள்விகள் இருமடங்காயின. அந்தக் கேள்விகளுக்குப் பதில் எழுதும் நேரத்துக்குப் பெரும்பாலும் யாரும் சம்பளம் தருவதில்லை. மருத்துவர்கள் கோபப்படுவதில் நியாயம் உண்டு. அந்தக் கோபம் போக வேண்டிய இடம் நிர்வாகமும் காப்பீட்டு நிறுவனமும்; நோயாளியின் கைபேசி அல்ல. பரிசோதனை எழுதிக் கொடுக்கும்போதே, முடிவு உங்களுக்கு முதலில் வரலாம், இப்படி வந்தால் இது பொருள், அப்படி வந்தால் என்னைக் கூப்பிடுங்கள் என்று ஐந்து நிமிடம் பேசினால் சுமையில் கொஞ்சமாவது குறையும்.

நம் நாட்டு நிலை இந்த வாதத்துக்கு வேறொரு பக்கத்தைக் காட்டுகிறது. இங்கே லேப் கவரும் எக்ஸ்ரே பிலிமும் வெகுகாலமாக நோயாளியின் பையில்தான் இருக்கின்றன. மருத்துவமனைக் கோப்பைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002 ஒழுக்க விதிகளும் சொல்லிவிட்டன. காகிதம் கையில் இருப்பதால் யாரும் அலறி ஓடவில்லை என்பதற்கு நாமே சாட்சி. அதே சமயம், அந்தக் கவரை முதலில் பிரிப்பது பெரும்பாலும் மகனோ மருமகனோதான். அப்பாவை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு டாக்டரிடம் தனியே பேசுவார்கள். அன்பினால் செய்வதுதான். குடும்பம் சேர்ந்து சுமப்பது நம் வழக்கம், தனிமனித உரிமை மேற்கத்தியச் சரக்கு என்பாரும் உண்டு. ஆனால் உறவினரிடம் சொல், நோயாளியிடம் சொல்லாதே என்று 1847-இல் எழுதி வைத்தவர்கள் மேற்கத்தியர்கள்தானே! எந்தச் சமூகத்திலும் இருந்த வழக்கம் அது. பிள்ளை பேசட்டும் என்று அப்பா சொன்னால் அது அவர் விருப்பம். அவரைக் கேட்காமல் நடந்தால் அது பழைய மறைப்பு, ஆள் மட்டும் வேறு.

அமெரிக்காவில் சண்டை இன்னும் முடியவில்லை. கென்டக்கி மாநிலம் 2022-இல், புற்றுநோயையோ மரபணுக் கோளாறையோ காட்டக்கூடிய முடிவுகளை 72 மணி நேரம் நிறுத்திவைக்கும் சட்டத்தைக் கொண்டுவந்தது. கலிபோர்னியா, மருத்துவர் பேசிய பிறகே சிலவகை முடிவுகள் இணையத்தில் தெரிய வேண்டும் என்கிறது. வெள்ளிக்கிழமை இரவுப் பெண்ணை மனத்தில் வைத்து எழுதிய சட்டங்கள் இவை. நோக்கத்தைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அவர் அந்த மூன்று நாளை விரும்புகிறாரா என்று கேட்கும் வழி கென்டக்கியின் விதியில் இல்லை. முன்னதாகத் திறக்கச் சொல்லும் அதிகாரம் மருத்துவரிடம்தான் இருக்கிறது. இரத்தம் எடுக்கும் முன் நிரப்பும் படிவத்தில் ஒரு வரி சேர்த்தால் போதும்: முடிவு வந்தவுடன் தெரிய வேண்டுமா, மருத்துவர் பேசிய பிறகு தெரிந்தால் போதுமா. அந்த வரியைச் சேர்க்காத வரை, எத்தனை நல்ல நோக்கத்தோடு எழுதினாலும், இவை 1847-இன் விதியேதான்.